மாட்டுத்தாவணிக் கட்டிடம் யாருக்கு?

(மதுரையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாட்டுத்தாவணி என்ற பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் எப்படி விலை பேசுவார்கள்? துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மாட்டை வளர்த்தவன் பக்கத்தில்தான் நிற்பான். விலை என்னவென்று அவனுக்குக் கடைசியில்தான் தெரியும். இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் என்ற கட்டிடத்துக்கு 2025-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 314 கோடி ரூபாய். தரைத்தளமும் அதன்மேல் 12 மாடிகளும், ஐந்து லட்சம் சதுர அடிக்கு மேல் இடம். இதைச் சர்க்கார் நிறுவனம் கட்டி, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும். இதுதான் திட்டம்.

“பஞ்சு தட்டுகிற நமக்கும் நாற்று நடுகிற நமக்கும் இதில் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கம்பெனிக்காரன் மண்ணை வாங்கிக் கட்டிடம் கட்ட விரும்புவதில்லை. மேஜை, மின்சாரம், குளிர்சாதனம், கம்பித் தொடர்பு எல்லாம் தயாராக இருந்தால், ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்து மறுநாளே வேலையைத் தொடங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். ஆளுக்கு நூறு சதுர அடி என்று வைத்தால், ஐந்து லட்சம் சதுர அடியில் ஐயாயிரம் பேருக்கு இடம். மாடிப்படி, நடைபாதை போனால் கொஞ்சம் குறையும். ஆலையைப் போல ஷிப்ட் வைத்தால் கூடும். ஆனால் இடம் காலியாகக் கிடந்தால்? போட்ட பணம் முடங்கும். அது பொதுப்பணம், தோழர்களே!

சென்னைத் தரமணியில் டைடல் பார்க் 2000-ம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது. டிட்கோ, எல்காட் என்ற இரு சர்க்கார் நிறுவனங்களும் சேர்ந்து எழுப்பியது அது. அங்கே கம்பெனிகள் வந்து நிறைந்தன. அந்தச் சாலையே மாறிப்போனது. ஆனால் நமது மதுரையில் நடந்தது என்ன?

வடபழஞ்சியில் எல்காட் கையில் சுமார் 245 ஏக்கர். இலந்தைக்குளத்தில் சுமார் 29 ஏக்கர். இரண்டையும் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆக்கினார்கள். இலந்தைக்குளத்துக்கு எச்.சி.எல். வந்தது. வடபழஞ்சியோ பல வருஷம் குடியில்லா வீடாகக் கிடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் பின்னாக்கிள் கம்பெனி அங்கே வந்து அமர்ந்தது.

என்ன காரணம்? 2005-ம் ஆண்டின் மண்டலச் சட்டப்படி, அனுமதி பெற்ற ஏற்றுமதிக் கம்பெனிதான் உள்ளே வரலாம். உள்நாட்டுக்கு வேலை செய்யும் சிறு கம்பெனி வாடகை கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளை இழுத்தது வருமான வரிச் சலுகை. 2020-21க்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிற கம்பெனிகளுக்கு அதுவும் இல்லை. சலுகையை நம்பிப் போட்ட கடை, சலுகை போனதும் காற்று வாங்கியது! ஒரு கட்டிடத்தின் சில மாடிகளை மட்டும் மண்டலக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கலாம் என்று மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியது 2023 டிசம்பரில்தான்.

ஆகவே நாங்கள் சொல்லுகிறோம்: வரியைத் தள்ளுபடி செய்வதால் மட்டும் கம்பெனி வந்து தங்காது. ஆள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலாளி வருவான். ஹார்வி ஏன் மதுரைக்கு வந்து ஆலை வைத்தான்? இந்தச் சமவெளியில் பருத்தி விளைந்தது, ரயில் இருந்தது, குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது. இன்று அவர்களுக்கு வேண்டிய பருத்தி எது? நம் பிள்ளைகளின் படிப்பு! தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-ம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வடபழஞ்சிக்குப் பக்கத்திலேயே காமராசர் பல்கலைக் கழகம். ஆனால் படித்து முடித்த பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறது. சென்னையில் வாங்குகிற சம்பளத்தில் பெரும்பகுதி அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. ஊரில் பெற்றவர்கள் தனியே கிடக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டிடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல! கம்ப்யூட்டர் வேலை என்றால் நிரந்தர வாழ்வு என்று மயங்க வேண்டாம். 2025 ஜூலை மாதம் டி.சி.எஸ். கம்பெனி 12,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் அவனும் கூலிக்கு உழைப்பவனே. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-ம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. இதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு மாடிகளையும் கூட்டிப் பெருக்குவது யார்? இரவெல்லாம் வாசலில் நிற்பது யார்? வேன் ஓட்டுவது, கேண்டீனில் அடுப்பில் நிற்பது யார்? நம் வீட்டுப் பெண்களும் வேலை இழந்த ஆலைத் தொழிலாளருந்தான். கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவே காண்டிராக்டர் நிற்பான். அங்கேதான் துண்டு விழும், விரல் பேசும்!

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: எந்தக் கம்பெனிக்கு எத்தனை சதுர அடி, என்ன வாடகை, என்ன சலுகை என்பதை ஊரறிய வெளியிட வேண்டும்.

இரண்டு: சலுகை பெறும் கம்பெனி எத்தனை பேருக்கு வேலை தரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சலுகையைத் திரும்ப வாங்க வேண்டும்.

மூன்று: உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் சிறு இடங்களை ஒதுக்க வேண்டும்.

நான்கு: துப்புரவு, காவல், கேண்டீன் தொழிலாளருக்குச் சட்டப்படியான கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. கிடைப்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

ஐந்து: மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும், இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குப் பஸ்ஸும் வேண்டும்.

தோழர்களே! இதில் எந்தக் கோரிக்கையும் கம்பெனியை விரட்டுவதற்கல்ல. குடி வருகிறவனிடம் வீட்டுக்காரன் நிபந்தனை பேசுவது எங்கும் உள்ள வழக்கம். இந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் யார்? பொதுப்பணத்துக்குச் சொந்தக்காரர்களாகிய நாமே. துண்டை எடுத்துவிட்டு விலை பேசச் சொல்லுவோம். இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் எடுத்துச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளையும் கையோடு அழைத்து வாருங்கள்.