துக்க வீட்டில் நமக்கு என்ன வேலை?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சந்தோஷமாகக் கூடியிருக்கிற இடத்தில் சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நம்மில் பலருக்குப் பெற்றோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் பேச்சு தேவைப்படும்.

எங்கள் நாட்றாம்பாளையம் பக்கத்து ஆட்கள் பிழைப்புக்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அங்கே ஒருவர் இறந்தால், உடல் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஊர் வந்து சேரணும். விபத்தென்றால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை வேறு. வீட்டார் அழுவார்களா, வண்டி பேசுவார்களா?

இந்த இடத்தில்தான் கோவில் தொண்டர்கள் வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை என்று இருக்கின்றன. சேதி வந்ததும் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் சாமியாரிடம் அடக்கப் பூசைக்கு நேரம் கேட்பார். ஒருவர் பெட்டியையும் குழியையும் பார்ப்பார். பெண்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுப்பார்கள். ஆனால் ஒன்று: எந்தப் பெட்டி, எப்போது அடக்கம் என்பதை வீட்டாரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். ஊர் மெச்சக் கடன் வாங்க வைப்பது தொண்டு அல்ல.

அடுத்தது காகித வேலை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். ஆனால் பெங்களூரில் இறந்தவருக்குப் பெங்களூரில்தான் பதிவு, ஊர் வி.ஏ.ஓ.விடம் நடந்து பயனில்லை. இறந்தவர் இ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். இது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதிப் பாரம் குறையும்.

2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அடக்கத்துக்குப் போனவர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்ணள்ளிக் குழியை மூடினார். அந்த மாதமே அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. சட்டம் வந்தது சரி. குழியோரம் நிற்க மனுஷன்தானே வேணும்?

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பந்தலோடு சொந்தங்களும் கலைந்துவிடும். அதன் பிறகுதான் அந்த வீட்டம்மாவுக்கு ராத்திரி நீளும். அப்போது போகிறவரே நல்ல தொண்டர். ஆறுதல் வசனம் எதுவும் தேவையில்லை. போனவரைப் பற்றி அவர்கள் பேசட்டும்; நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இதற்குக் கோவில், மசூதி, ஆலயம் என்ற பேதமில்லை. இந்த மலரின் முகவரிப் பட்டியலைப் புரட்டுங்கள். துணையை இழந்த நண்பர் ஒருவராவது இருப்பார். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.