கொழுந்து மடுவத்தில் ஒரு கையெழுத்து

1970ஆம் ஆண்டு இலங்கையின் பூண்டுலோயாவிலுள்ள டன்சினன், ஹெரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பல்லும் ஈறும் பரிசோதிக்கப்பட்டன. பதினான்கு வயதுப் பையன்களும் அவர்களுள் இருந்தனர். நோர்வே நாட்டவரான ஹரல்ட் லோ தலைமையிலான குழு, பல் வைத்தியம் கிட்டாத வாயில் ஈறுநோய் எப்படி வளர்கிறது என்று 1985 வரை பார்த்தது. நூற்றுக்கு எட்டுப் பேரில் நோய் விரைந்து முற்றியது. நூற்றுக்குப் பதினொரு பேரில் அது ஈறு வீக்கத்தைத் தாண்டவில்லை. ஈறுநோய் பற்றிய கல்வியில் இந்தக் கணக்குக்கு இன்றும் தனி இடமுண்டு.

அந்த வாய்கள் ஏன் அங்கே கிடைத்தன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய இந்திய வம்சாவளித் தோட்டச் சமூகத்தின் வாய்கள் அவை. பராமரிப்பின்மை அவர்கள் விரும்பி ஏற்றதல்ல. அதுவே ஆய்வுக்குத் தகுதியாயிற்று. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட ஒஸ்லோ இளைஞர்களோ சிறுவயது முதலே பல் சிகிச்சை பெற்றவர்கள்.

மனிதரில் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆய்வுத் திட்டத்தைச் சுயாதீனக் குழுவொன்று மீளாய்வு செய்யவேண்டும் என்ற விதி 1975இல்தான் சேர்ந்தது. ஆய்வின் பயன் அதில் பங்குபற்றும் சமூகத்துக்கும் கிட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

விதிகள் வந்தாலும் தோட்டத்தின் நிலை வேறு. கண்டியிலிருந்து அம்பிட்டியைக் கடந்து தலாத்துஓயா, ஹேவாஹெட்டப் பக்கம் ஏறினால் இன்றும் தேயிலைதான். பட்டம் பெற்று அங்கே ஆய்வுக்குச் செல்லும் வைத்தியருக்கும் தாதிக்கும் சம்மதப் படிவம் ஒரு தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்காமல் நிற்கும் பெண்ணுக்கு அது வேறு. படிவத்தை நீட்டுபவர் தோட்டத்துரையின் அனுமதியோடு வந்தவர். பக்கத்தில் கங்காணி நிற்கிறார். கேள்வி கேட்டு நேரம் போனால் கொழுந்து குறையும், அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். அந்த இடத்தில் பெற்ற கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்வது தவறு. நிர்வாகத்தார் இல்லாத இடத்தில், வேலை முடிந்தபின், அவர் பேசும் தமிழில் விளக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்கவேண்டும். மறுத்தாலும் பேரும் மருந்தும் குறையாது என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். வீட்டில் கலந்து பேச ஓர் இரவாவது கொடுக்கவேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கென்று தோட்ட மக்களை ஆய்விலிருந்து ஒதுக்கிவிடுவதும் தீங்குதான். அவர்களுடைய நோய்க்கு மருந்தும் கொள்கையும் பிறர் உடலை வைத்தே எழுதப்படும். ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சேர்ப்பதன் தீங்கோடு விலக்குவதன் தீங்கையும் எடைபோட வேண்டும்.

அந்த டன்சினன், ஹெரோ தொழிலாளர்களில் 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 75 பேர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியபோது அவர்கள் 480 பேர்.