முதலில் சொல்லட்டும், பிறகு எழுதட்டும்

1909-ம் ஆண்டு. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே 14 வயதுப் பையன் ஒருவன், 'மந்தம்' என்று பெயர் வாங்கி, அடிக்கடி பிரம்படியும் வாங்கிக்கொண்டிருந்தான். அடையாறு பிரம்மஞான சபைப் பெரியவர்கள் அவனையும் தம்பியையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, சபை வளாகத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பையன் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினான். கேட்ட உபதேசங்களைக் குறிப்பெடுத்ததாகச் சொல்லி 1910-ல் அவன் பெயரில் ஒரு புத்தகமே வந்தது. அதில் பெரியவர்கள் கை எவ்வளவு என்ற சர்ச்சை இன்றும் உண்டு. அந்தப் பையன்தான் பின்னாளில் தத்துவச் சிந்தனையாளராக அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி.

இப்போதும் சென்னையில் சில பிள்ளைகள் அவரைப் போலவே பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பரீட்சை எழுதுகிறார்கள். பெற்றோருக்கு ஒரே கவலைதான்: "புத்தகம் புத்தகமாப் படிக்கிறான். அதைப் பத்தி எழுதுடான்னா, 'கதை நன்றாக இருந்தது'ன்னு ஒரே வரி!"

எழுதச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கதை தெரியாத பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி சும்மா இருப்பாரா? "அப்புறம்?" என்பார். "அவன் ஏன்டா அப்படிப் பண்ணினான்?" என்பார். பையன் சொல்கிற பதில் இருக்கிறதே, அதுதான் கட்டுரை. அதை அப்படியே எழுதட்டும். எழுத்துப்பிழையை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த வாரம் அழைத்துப் போங்கள். திரும்பும்போது, அங்கே படித்த கதையைப் பஸ்ஸிலேயே கேளுங்கள். சிவப்புப் பேனாவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!