கணக்கேடும் கல்வியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்திற்குக் கட்டடமும் நிதியும் வேண்டும். அவற்றிற்கு இணையாகக் கணக்கேடும் வேண்டும் என்பதையே இன்று வலியுறுத்த விழைகின்றோம்.

1927 மார்ச்சுத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் குறித்துப் பேசினார். வெறும் முறையீடாக அவர் பேசவில்லை. தொடக்கப் பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர். ஏனைய 82 பேர் மீண்டும் எழுத்தறியாமையில் வீழ்கின்றனர் என்று அரசின் கல்வி அறிக்கையைக் கொண்டே எடுத்துரைத்தார். சேர்ந்தோர் தொகையோடு நின்றுவிடாமல் நிலைத்தோர் தொகையையும் நோக்கினார். எதைக் கேட்கின்றோம் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. எண் அதற்குத் துணை நின்றது.

எண்ணைப் படிக்கவும் பயிலுதல் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயது நிரம்பியோரில் எழுத்தறிவு பெற்றோர் தமிழகத்தில் நூற்றுக்கு 80. பட்டியல் சாதியினரில் நூற்றுக்கு 73. இடைவெளி ஏழுதான் என்று ஆறுதல் கொள்ளலாமா? அந்த 80-க்குள் நாமும் அடங்கியுள்ளோம். நம்மை நீக்கி, மற்றவரோடு ஒப்பிட்டால் இடைவெளி எட்டைத் தாண்டுகின்றது. மேலும், எழுத்தறிவு என்பது ஏதேனும் ஒரு மொழியில் பொருளறிந்து எழுதப் படிக்கத் தெரிதல் மட்டுமே. பள்ளியிறுதித் தேர்ச்சி அன்று.

ஆகவே, சங்கம் ஒரே ஒரு குறிக்கோளை முதலில் வகுத்துக்கொள்ளட்டும்: ஆறாம் வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுள் ஒருவரும் இடையில் நின்றுவிடாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தல். அதற்கு வேண்டியவற்றை மட்டும் எழுதுவோம்: சேர்ந்த நாள், வருகை, நின்ற நாள், நின்ற காரணம், உதவித்தொகை கைக்கு வந்த நாள். ஆண், பெண் கணக்கைத் தனித்தனியே குறிப்போம். வேண்டாதவற்றைத் திரட்டினால் ஏடு பருக்கும், வேலை நடவாது.

வாரந்தோறும் ஏட்டைப் பார்த்து, தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டிற்கு உடனே செல்லுதல் வேண்டும். அங்கே அறிந்த குடும்பச் செய்தி வெளியே கசியலாகாது. உதவித்தொகை தாமதமானால் நாளும் தொகையும் குறித்து மனு அளிப்போம்; விடை வாராவிடின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது.

இளைஞர்களே! நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கணக்குகள் பல. நம் பிள்ளைகளின் கணக்கை இனி நாமே எழுதுவோம். அதில் விடுபட்ட ஒவ்வொரு பெயரும் விடுபட்ட ஒரு வாழ்வு என்பதை மறவாதிருப்போம்.