எபிசோட் 38: பாடி வைத்தியம் பார்க்கிறவங்க – நவஹோ மக்களும் 1993-இன் மர்மக் காய்ச்சலும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

 

ஒரு பழங்குடி சமூகம். அங்க யாருக்காவது உடம்பு சரியில்லன்னா ராத்திரி முழுக்கப் பாடுறாங்க. தரையில கலர் மணலால படம் வரையுறாங்க. செத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. இதைக் கேட்டதும் நம்மள்ல பாதிப் பேர் "மூடநம்பிக்கை"ன்னு தள்ளிடுவோம். மீதிப் பேர் "அந்தக் காலத்துலயே எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க பாரு"ன்னு ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்ட் பண்ணிடுவோம். ரெண்டு பேருமே அந்த மக்கள் என்ன சொல்றாங்கன்னு காது கொடுத்துக் கேட்கல. அப்படிக் கேட்காம விட்டா என்ன நஷ்டம், கேட்டா என்ன கிடைக்கும்? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

யார் இவங்க?

அமெரிக்காவோட தென்மேற்குல அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூணு மாநிலத்துலயும் பரவியிருக்கு நவஹோ தேசம். சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டுல பாதிக்கும் கொஞ்சம் அதிகம். அவங்க தங்களை 'தினே'ன்னு சொல்லிக்கிறாங்க. 'மக்கள்'னு அர்த்தம்.

அவங்க மருத்துவத்துக்கு அடிப்படையான ஒரு சொல் 'ஹோஜோ'. அழகு, சமநிலை, நலம், ஒழுங்கு எல்லாம் சேர்ந்த ஒரு சொல். நோய்ங்கிறது இந்த ஹோஜோ கலைஞ்சு போறது. மின்னல் தாக்கிய மரத்தைத் தொட்டது, பாம்பையோ கரடியையோ மதிக்காம நடந்தது, செத்தவங்களோட ஆவி, யாரோ வெச்ச சூனியம்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம்.

நம்ம பாஷையில சொன்னா, முதல்ல ரூட் காஸ் கண்டுபிடிக்கணும். அதுக்குத் தனி ஆள் இருக்காங்க. சிலர் தியானம் மாதிரி ஒரு நிலைக்குப் போவாங்க, கை நடுங்கும், அந்த நடுக்கத்தை வெச்சுக் காரணம் சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் வைத்தியர் வருவார். அவருக்குப் பேர் 'ஹதாலி'. அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தமே 'பாடுபவர்'.

ஒரு சடங்கு ஒரு ராத்திரியில முடியலாம், ஒன்பது ராத்திரியும் போகலாம். பாட்டு வரிசை மாறக்கூடாது, சொல் தவறக்கூடாது. ஒரே ஒரு பெரிய சடங்கைக் கத்துக்கவே பல வருஷம் ஆகும். அதனால ஒரு ஹதாலிக்குச் சில சடங்குகள்தான் தெரிஞ்சிருக்கும். கிட்டத்தட்ட ஸ்பெஷலிஸ்ட் மாதிரி.

கிழக்குப் பார்த்த வாசல் இருக்கிற 'ஹோகன்'ங்கிற வீட்டுக்குள்ள, கலர் மணலால தெய்வங்களோட படம் வரைவாங்க. நோயாளி அந்தப் படத்து மேலயே உட்காருவார். சடங்கு முடிஞ்சதும் படத்தைக் கலைச்சிடுவாங்க. நம்ம வீட்டு வாசல்ல கோலம் போடுறவங்களுக்கு, அழியப்போற ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்ங்கிற சந்தேகம் வராது. சொந்தக்காரங்க எல்லாம் வந்து சமைப்பாங்க, செலவைப் பகிர்ந்துக்குவாங்க, ராத்திரி கண்ணு முழிப்பாங்க. நோயாளி ஒருத்தருக்காக ஒரு குடும்பமே கூடுது.

1993 மே

இப்போ சம்பவத்துக்கு வருவோம். நல்லா ஆரோக்கியமா இருந்த ஒரு இளைஞர், ஓட்டப்பந்தய வீரர், திடீர்னு மூச்சுத் திணறி இறந்துபோறார். அவருக்கு நிச்சயமான பெண் சில நாள் முன்னாடிதான் இதே மாதிரி இறந்திருந்தாங்க. அந்தப் பெண்ணோட இறுதிச் சடங்குக்குப் போற வழியிலதான் இவருக்கு இப்படி ஆகுது. விசாரிச்சா அந்தப் பகுதியில இன்னும் சில இளைஞர்கள் இப்படி இறந்திருக்காங்க. ஃப்ளூ மாதிரி ஆரம்பிச்சு, நுரையீரல்ல நீர் கோத்து, சில நாள்ல முடிஞ்சிடுது.

பத்திரிகைகள் இதுக்கு வெச்ச பேர் 'நவஹோ ஃப்ளூ'. ஒரு இனத்தோட பேரையே நோய்க்கு வெச்சா என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு பள்ளி, தங்களைப் பார்க்க வரவிருந்த நவஹோ குழந்தைகளை வர வேண்டாம்னு சொல்லிடுச்சு.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொண்ணு. நவஹோ வழக்கப்படி ஒருத்தர் இறந்தா நாலு நாள் துக்கம். அந்த நேரத்துல இறந்தவர் பேரை எடுக்கக்கூடாது, அவரைப் பத்திப் பேசக்கூடாது. அந்த நேரம் பார்த்து நிருபர்கள் கேமராவோட துக்க வீட்டுக்கே போய் நிக்கிறாங்க. விசாரணைக்கு வந்த மருத்துவக் குழுவும் இறந்தவர் என்ன சாப்பிட்டார், எங்க தூங்கினார்னு கேட்டாகணும். கேமராக்காரங்க மேல இருந்த கோபத்துல கதவுகள் இவங்களுக்கும் சாத்தப்பட்டுச்சு. வேகமா பரவுற நோயா இருக்குமோங்கிற பயத்துல ஒவ்வொரு நாளும் முக்கியமா இருந்த நேரம் அது.

அப்புறம்தான் சிலர் வேற மாதிரி யோசிச்சாங்க. நவஹோ சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பெரியவங்ககிட்ட மரியாதையா போய் உட்கார்ந்தாங்க. பெரியவங்க சொன்னதோட சாரம் இதுதான்: மழையும் பனியும் அதிகமா பெய்யுற வருஷத்துல பின்யோன் கொட்டை நிறைய காய்க்கும். அதைத் தின்னு எலி பெருகும். எலி பெருகினா இந்தச் சாவு வரும். 1918-லயும் 1933-லயும் இப்படி நடந்திருக்கு.

அவங்க நம்பிக்கைப்படி எலி ராத்திரி உலகத்தைச் சேர்ந்தது, மனுஷன் பகல் உலகத்தைச் சேர்ந்தவன். ரெண்டும் கலக்கக்கூடாது. எலியை வீட்டுக்குள்ள விடக்கூடாது. எலி தொட்ட துணியை எரிச்சிடணும்.

ஆய்வகம் என்ன சொல்லுச்சு தெரியுமா? சில வாரங்கள்லயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதுக்குக் காரணம் அதுவரைக்கும் அறியப்படாத ஒரு ஹான்டா வைரஸ்னு கண்டுபிடிச்சுது. அதைச் சுமக்கிறது 'மான் எலி'ன்னு சொல்ற ஒரு சுண்டெலி. அதோட சிறுநீரும் புழுக்கையும் காய்ஞ்சு தூசியா பறக்கும்போது அதைச் சுவாசிச்சா நோய் வரும். பல வருஷ வறட்சிக்கு அப்புறம் வந்த மழையாலயும் பனியாலயும், 1992 மே மாசத்தைவிட 1993 மே மாசத்துல எலிகள் பத்து மடங்கு பெருகியிருந்துச்சு. பழைய திசு மாதிரிகளைச் சோதிச்சப்போ, 1959-லயே ஒருத்தர் இதே நோயால இறந்தது தெரிஞ்சுது. அப்போ நோய் புதுசு இல்ல. மருத்துவத்துக்கு மட்டும்தான் புதுசு.

வைரஸுக்கு முதல்ல ஒரு பள்ளத்தாக்கோட பேரை வைக்கப் பார்த்தாங்க. உள்ளூர் மக்கள் எதிர்த்தாங்க. கடைசியில வெச்ச பேர் 'சின் நோம்ப்ரே'. ஸ்பானிஷ்ல 'பெயரில்லாத'ன்னு அர்த்தம்.

இதுல எது உண்மை, எது இல்ல?

இங்கதான் கவனமா இருக்கணும். எலி விஷயம் சரியா இருந்ததால மின்னல், ஆவி, சூனியம் எல்லாமே சரின்னு ஆகிடாது. பொருந்துற டேட்டாவை மட்டும் எடுத்துக்கிட்டா எதை வேணா நிரூபிக்கலாம். ஹான்டா வைரஸைப் பாட்டு குணமாக்காது. காசநோயையும் குணமாக்காது.

இது நவஹோக்களுக்கே தெரியும். 1951-ல பழங்குடி மன்றத்துக்குத் தேர்வான ஆனி வானேகாங்கிற பெண்மணி, காசநோய்க்கு எதிரா வீடு வீடா போனாங்க. பாதி சிகிச்சையில ஓடி வந்தவங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. நவீன மருத்துவச் சொற்களை நவஹோ மொழியில விளக்கினாங்க. ஹதாலிகளை எதிரியா நிறுத்தாம அவங்களோடவும் உட்கார்ந்து பேசினாங்க. 1963-ல அமெரிக்காவோட ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம் அவங்களுக்குக் கிடைச்சுது.

இன்னொரு உதாரணம். 1990-கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல ஒரு சட்டம் வந்துச்சு. உங்க நிலைமை மோசமானா என்ன சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு நோயாளிக்கு முன்கூட்டியே முடிவு பண்ற உரிமை இருக்குன்னு, அட்மிட் ஆகும்போதே சொல்லியாகணும். நவஹோ நம்பிக்கையில சொல்லுக்கு நடத்திக் காட்டுற சக்தி உண்டு. "நீங்க செத்துப்போகலாம்"னு டாக்டர் சொன்னா அது அவங்களுக்குத் தகவல் இல்ல, சாபம். 1995-ல ஒரு மருத்துவரும் ஒரு மானுடவியலாளரும் 34 பேர்கிட்ட பேசி இதை ஒரு ஆய்வா வெளியிட்டாங்க. அப்புறம் அவங்க சொன்ன வழிகள்ல ஒண்ணு ரொம்ப எளிமையானது: "உங்களுக்கு"ன்னு சொல்லாம, "இந்த நோய் இருக்கிற ஒருத்தருக்கு இப்படி ஆகலாம்"னு சொல்லுங்க. தகவலும் போகும், மனசும் உடையாது.

நமக்கு இது அந்நியமா என்ன? "வாயில நல்ல வார்த்தை வரட்டும்"னு அதட்டாத பாட்டி உண்டா? அம்மை போட்டா "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்லி, வாசல்ல வேப்பிலை கட்டி, வெளியாளை உள்ள விடாம வெச்ச ஊர்தானே நம்மளோடது. அதுல தனிமைப்படுத்தலும் இருந்துச்சு, ஊசி போட மாட்டேன்ங்கிற பிடிவாதமும் இருந்துச்சு.

2024 அக்டோபர்ல அமெரிக்க அரசு அரிசோனா, நியூ மெக்சிகோ உட்பட நாலு மாநிலங்கள்ல பழங்குடி மரபு வைத்தியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுல பணம் கொடுக்க அனுமதி கொடுத்துச்சு. இது மாத்திரைக்குப் பதிலா பாட்டு இல்ல. மாத்திரையோட பாட்டும் இருக்கட்டும்ங்கிற ஏற்பாடு.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்க "திருஷ்டி பட்டிருக்கு"ன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை நிறுத்த விடாதீங்க. ஆனா சிரிக்காதீங்க. "ஏன் அப்படித் தோணுது, எப்போ இருந்து?"ன்னு கேளுங்க. ஒருமுறை சிரிச்சுட்டா, அடுத்த முறை மார்வலி வந்தாக்கூட உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.

உங்க ஊர்ல நோயைச் சுத்தி இருக்கிற நம்பிக்கைகளை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.