நடுக்கள வீரர் சூசைராஜும் நம் கோயில் மைதானமும்

(யூபிலி இளைஞர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் பழம்பெருமையைப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். "சாமிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். புனித தொன் போஸ்கோ தூரின் நகரத்தின் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தபோது, செபத்துக்கு இடம் தேடியதுபோலவே விளையாட்டுக்கும் இடம் தேடினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சிறுவயதில் தம் ஊரில் கோல் காத்தவர். ஆகவே நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசியில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு மீனவக் கிராமங்கள் உள்ளன. மாவட்டம் தமிழ்நாடு, மறைமாவட்டமோ திருவனந்தபுரம். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் அந்த மக்கள். ஆண்கள் கடலுக்குப் போனால் திரும்பி வர நாட்கணக்காகும், வாரக்கணக்கும் ஆகும். கரையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கால்பந்துதான் பொழுதும் பெருமையும். அந்த எட்டில் ஒன்று இரவிபுத்தன்துறை. அங்கே 1994 அக்டோபர் 30-ஆம் நாள் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். உடன்பிறந்த மைக்கேல் ரெஜினும் பந்தாட்டக்காரரே.

சூசைராஜ் நடுக்கள ஆட்டக்காரர். நடுக்களம் என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நம் தொழிலை வைத்தே சொல்லுகிறேன். ஒருவர் மருந்து கலக்கிறார். ஒருவர் குழாயில் செலுத்துகிறார். ஒருவர் திரி வைக்கிறார். ஒருவர் சரம் பின்னுகிறார். தீபாவளி இரவில் வானத்தில் பூ விரியும்போது ஊர் அண்ணாந்து பார்க்கிறது. திரி வைத்த கை யாருடையது என்று யாராவது கேட்கிறார்களா? நடுக்கள வீரரின் கதியும் அதுவே. பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, எதிரியிடமிருந்து காத்து, முன்னால் ஓடுகிறவன் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. கோல் அடித்தவன் பெயர் செய்தித்தாளில் வரும். கொடுத்தவன் பெயர் பல நாள் வராது. ஆனால் அவர் ஒரு நாள் சோர்ந்தால் அணி முழுவதும் சோர்ந்துவிடும்.

அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். சென்னை சிட்டி கழகத்துக்காக ஐ-லீக் போட்டிகளில் ஆடினார். 2018-இல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவர் விட்டுப்போன அடுத்த பருவத்திலேயே, 2019 மார்ச்சில், சென்னை சிட்டி கோவையில் ஐ-லீக் பட்டத்தை வென்றது! வேறொருவராயிருந்தால் "அவசரப்பட்டுவிட்டோமே" என்று அழுதிருப்பார். இவரோ ஜாம்ஷெட்பூரில் நன்றாக ஆடி, 2019-இல் தாய்லாந்தின் கிங்ஸ் கோப்பைக்குச் சென்ற இந்திய அணியில் இடம் பெற்றார். அதே ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது ஓரத்தில் நிறுத்தி, தாக்குவதோடு தடுக்கும் வேலையையும் கொடுத்தார். "நான் நடுக்களத்துக்காரன்" என்று அவர் அடம்பிடிக்கவில்லை. சொன்ன இடத்தில் நின்றார். 2020 மார்ச் 14-இல் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் அந்த அணி சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைப் பெற்றது. கொரோனா காரணமாக அரங்கில் ரசிகர்களே இல்லை. கைதட்ட ஆளில்லாத வெற்றி!

பிறகு வந்தது 2020 நவம்பர் 20. புதிய பருவத்தின் முதல் ஆட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் எதிரணி. கால் மணி நேரம்கூட முழுதாக ஆகியிருக்காது, சூசைராஜ் முழங்காலில் காயம்பட்டு விழுந்தார். எழுந்து ஆட முடியவில்லை. அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. இருபத்தாறு வயது, ஆட்டக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம். அந்த வயதில் களத்துக்கு வெளியே உட்கார்ந்து, நடையையும் ஓட்டத்தையும் மறுபடி பழக வேண்டியதாயிற்று. பின்னர் ஒடிசா அணியில் சேர்ந்து மீண்டும் களத்துக்கு வந்தார். பழைய இடம் அப்படியே காத்துக்கொண்டிருக்கவில்லை. இருந்தும் வந்தார்.

அன்பர்களே, ஒரு நிமிடத்தில் வாழ்க்கை புரண்டுபோவது என்றால் என்ன என்று கடற்கரை மக்களுக்குத் தெரியும். அவர் சென்னை சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த 2017 நவம்பர் 30-இல்தான் ஒக்கிப் புயல் அந்தக் கிராமங்களின் எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்தது. நமக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்ததை இங்கே யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு பொறி போதும். ஓர் அலை போதும். முழங்காலில் ஒரு திருகல் போதும்.

அதனால் இளைஞர்களுக்கு ஒரு சொல். பந்தை நேசியுங்கள், ஆனால் பந்தை மட்டும் நம்பிப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் நடுக்கள ஆட்டக்காரர்தாம். இந்திய அணிக்காக ஆடியவர். அவர் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சீருடை அணிந்து சென்னை வீதிகளில் காவல் நின்றார். ஆட்டம் நின்றபோதும் அவருக்கு ஒரு பணி இருந்தது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, இதையும் மனத்தில் கொள்ளுங்கள். மைதானம் பையன்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். நம் பகுதியில் ஒரு காலத்தில் பிள்ளைகள் விடியுமுன் ஆலை வண்டியில் ஏறினார்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள். 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினோம், நல்லது. அந்தக் கைக்குப் புத்தகம் கொடுத்தோம், மிக நல்லது. காலுக்கு என்ன கொடுத்தோம்? மாலையில் அவன் எங்கே போவான்? மைதானம் இல்லாத ஊரில் பையன் தெருமுனையில் நிற்பான், அல்லது கைப்பேசியில் குனிந்திருப்பான்.

யூபிலியின் நினைவாகக் கோயில் மைதானத்தில் கடைகள் கட்டலாம், மாதாமாதம் வாடகை வரும் என்று சிலர் சொன்னீர்கள். நல்லெண்ணத்தோடு சொன்னீர்கள் என்று அறிவேன். கோயிலுக்குக் கடன் இருப்பதும் உண்மை. ஆனால் கடைக்கு இந்த ஊரில் வேறு இடம் கிடைக்கும். நம் பிள்ளைகள் ஓட வேறு இடம் எங்கே? இரவிபுத்தன்துறையில் பணக்காரர் யாரும் பெரிய அரங்கம் கட்டிக் கொடுத்து ஆட்டக்காரர் உருவாகவில்லை. பிள்ளைகள் ஆடுவதை ஊர் தடுக்கவில்லை. ஆடுகிறவனை ஊர் நின்று பார்த்தது. அவ்வளவுதான்.

ஆகவே பங்குப் பேரவையின் முன் என் வேண்டுகோள் இது: மைதானம் மைதானமாகவே இருக்கட்டும். முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, இரண்டு கோல் கம்பம் நடுவோம். எந்தச் சபைப் பிள்ளையானாலும், எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வந்து ஆடட்டும். பள்ளிக்குப் போகிறவனுக்கே அணியில் இடம் என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும்.

அவர்களில் எல்லாரும் சூசைராஜ் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதுமில்லை. வந்த பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவனுக்குக் கொடுக்கப் பழகினால் போதும்; விழுந்தால் எழுந்து வரப் பழகினால் போதும். அத்தகைய பிள்ளைகள் உள்ள பங்கு அடுத்த யூபிலியையும் மகிழ்ச்சியோடு கொண்டாடும்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.