பாடியதும் சொல்லிக்கொடுத்ததும்: டி. பிருந்தாவின் இசை வாழ்வு

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகச் சேர்ந்து, பாட்டு டீச்சராகவே ஓய்வுபெற்ற ஒரு அம்மையாரின் பெயரால் நடப்பது இந்தச் சொற்பொழிவு. ஆகவே, கச்சேரி மேடையைவிடப் பாடம் சொன்ன அறையில் அதிகம் சாதித்த ஒருவரைப் பற்றிப் பேசுவதுதான் முறை என்று எண்ணினேன். தஞ்சாவூர் டி. பிருந்தா, 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். பதம், ஜாவளி என்று சொன்னாலே விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

வீணை தனம்மாளின் பேத்தி என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், எல்லாம் ரத்தத்திலேயே வந்தது போல ஆகிவிடும். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் சும்மா வரவில்லை. தனம்மாளே க்ஷேத்ரய்யா பதங்களைப் பாலதாஸ் நாயுடு என்ற பார்வையற்ற இசைவாணரிடம் உட்கார்ந்து கற்றவர். தருமபுரி சுப்பராயர் தம் ஜாவளிகளைக் கொண்டுவந்து தந்தது அவர் வீட்டுக்குத்தான். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணன் தெருவில் இருந்த அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீணை வாசிப்பார். பக்கவாத்தியம் கிடையாது. சென்னையின் பெரிய வித்வான்கள் கீழே உட்கார்ந்து, மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் கேட்டுவிட்டுப் போவார்கள்.

தனம்மாளின் மகள் காமாட்சிதான் பிருந்தாவின் தாய். இன்னொரு மகள் ஜெயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதியும் ரங்கநாதனும் விஸ்வநாதனும். பிருந்தாவின் தங்கை முக்தா, கடைசித் தங்கை வயலின் வாசித்த அபிராமசுந்தரி. சகோதரிகள் இருவரும் சேர்ந்து பாடிய கச்சேரிகளால் 'பிருந்தா–முக்தா' என்பது ஒரே பெயர் போல ஆயிற்று.

தாயிடம் கற்ற பெண்ணைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பி நாயினாப் பிள்ளையிடம் குருகுலவாசம் செய்ய வைத்தார்கள். இதை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அவர் சங்கீதத்தின் திறவுகோலாகப் படுகிறது. நாயினாப் பிள்ளை லயச் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று 'ஃபுல் பெஞ்ச்' வைத்துக்கொண்டு கணக்கில் விளையாடியவர். அவரிடம் போய் இழைந்து இழைந்து பாடும் பதக்காரி என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்கலாம். சௌக்க காலத்தில் பாடிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வேகமாகப் பாடும்போது தாளம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். மெதுவாகப் பாடும்போது நாம்தான் தாளத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஆவர்த்தனம் நீண்டுகொண்டே போகையில், சாகித்திய எழுத்து தட்டு விழுந்த இடத்தில் விழாமல் சற்றுத் தள்ளி வந்து உட்கார வேண்டும். ஆனாலும் கணக்கு நூலிழை பிசகக் கூடாது. பிருந்தாவின் பதங்கள் அவ்வளவு மெதுவாகப் போயும் எங்கும் தொய்ந்து விழாததற்குக் காஞ்சிபுரத்துப் பயிற்சி காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரு பாட்டையாவது அருகில் வைத்துப் பார்த்தால்தான் அவர் என்ன செய்தார் என்பது விளங்கும். க்ஷேத்ரய்யாவின் 'பையத' பதம், நாதநாமக்கிரியை ராகம். தனம்மாள் வீட்டுச் சொத்து என்றே இதைச் சொல்வார்கள். தன்னோடு இருந்தவனை, இப்போது இல்லாதவனை, நாயகி நினைத்துப் பார்க்கிறாள். நாதநாமக்கிரியை நிஷாதத்தோடு நின்றுவிடும் ராகம். மேல் ஸட்ஜத்தைத் தொடாது. அதாவது, கச்சேரியில் பாடகருக்குக் கைதட்டல் வாங்கித் தரும் அந்த உச்சி ஸ்வரமே இந்த ராகத்தில் கிடையாது. கீழ் நிஷாதத்திலிருந்து மேல் நிஷாதத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாக வேண்டும். பிருகா உதவாது, ஸ்வரக் கோர்வை உதவாது. மிச்சம் இருப்பது கமகமும், சொல்லும், நிறுத்தமும்தான். வீணையில் தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்தைப் பிடிப்பது போலக் குரலால் பிடிக்க வேண்டும். பிருந்தா வீணையும் வாசித்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரப்படுத்திய புத்தகத்தில் 'க' என்று ஒற்றை எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்குள் எங்கிருந்து ஏறுகிறோம், எவ்வளவு நேரம் ஆட்டுகிறோம், எங்கே விடுகிறோம் என்பது புத்தகத்தில் இருக்காது.

இதனால்தான் பதம் ஆசிரியர் இல்லாமல் பிழைக்காத வடிவம். பிருந்தாவும் அதைத் தெரிந்தே நடந்துகொண்டார். எழுத்தை அவர் அடியோடு ஒதுக்கிவிடவில்லை. ஜாவளிகளை ஸ்வரப்படுத்தி அவர் தந்த தொகுப்பை மியூசிக் அகாடமி வெளியிட்டிருக்கிறது. ஆனால் பாடம் நடந்தது காதை நம்பித்தான். ஒரு அடியைப் பாடுவார், மாணவி திருப்பிப் பாட வேண்டும். சரியாக வரும்வரை அடுத்த அடி கிடையாது. 1949இல் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த காலத்தில் பிருந்தா ஆசிரியராக இருந்தார். கால அட்டவணையும் மணியடிப்பும் உள்ள ஒரு நிறுவனத்துக்குள் இந்த வீட்டுப் பாடத்தை நுழைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடம் கற்றவர்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ராம்நாட் கிருஷ்ணன், அருணா சாயிராம், சித்ரவீணை ரவிகிரண், கீதா ராஜா என்று ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டைப் போல இருக்காது. அருணா சாயிராமுக்குப் பம்பாயில் சிறுமியாக இருந்தபோதே பாடம் கிடைத்தது. ரவிகிரணின் கையில் இருப்பதோ மெட்டில்லாத வீணை. அந்தக் கமகங்கள் அதில் வேறொரு வழியாக வருகின்றன. செம்மங்குடி சீனிவாச ஐயர் பிருந்தாவுக்கு நான்கு வயது மூத்தவர். 1947லேயே சங்கீத கலாநிதி. அவரும் பிருந்தாவிடம் பதம் கற்றார். மேடை ஏறியபின் யாரிடமும் பாடம் கேட்கக் கூச்சப்படும் நம் உலகில், செம்மங்குடியின் பெருந்தன்மையையும் பிருந்தாவின் சரக்கையும் ஒருசேரக் காட்டும் செய்தி இது.

பிருந்தா எல்லோருக்கும் எளிதில் சொல்லிக்கொடுக்க மாட்டார், கண்டிப்பு அதிகம், கைவசம் இருப்பதைப் பொத்திப் பொத்தி வைப்பார் என்று அவர் மீது ஒரு குறை உண்டு. இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. அப்படிப் பொத்தி வைத்தால் சில உருப்படிகள் பாடுவாரின்றிப் போகும் என்ற கவலை நியாயமானதே. இருந்தாலும் அவர் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த 1947ஐ ஒட்டிய ஆண்டுகளில், தேவதாசி மரபில் வந்த இது போன்ற குடும்பங்களின் பாட்டு மட்டும் வேண்டும், பாடியவர்களின் பின்னணி வேண்டாம் என்ற மனநிலை நகரத்தில் பரவலாக இருந்தது. சிருங்காரப் பதங்களைச் சுத்தப்படுத்த வேண்டும் என்றும் சிலர் பேசினார்கள். பாலசரஸ்வதி அதற்கு ஆட்டத்தால் பதில் சொன்னார். பிருந்தா அந்தப் பதங்களை ஒரு சங்கதி குறையாமல், வெட்கப்படாமல், அவசரப்படாமல் பாடினார். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு போய் மேடையில் துண்டாக்குபவர்களிடம் அவற்றைக் கொடுக்க மறுத்ததை என்னால் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியவில்லை. கொடுத்தவர்களுக்கு முழுசாகக் கொடுத்தார்.

மேடையில் அவருக்குக் கூட்டம் பெரிதாக வந்ததில்லை. வித்வான்களின் வித்வான் என்று சொல்லிப் பாராட்டுவது நம்மிடம் வழக்கம். டிக்கெட் விற்கவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. 1976இல் சங்கீத கலாநிதி விருது வந்தது. எம்.எஸ்., பட்டம்மாள், பாலசரஸ்வதிக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற நான்காவது பெண் அவர். அப்போது அவருக்கு வயது 64.

கச்சேரி அமைப்பும் அவருக்குச் சாதகமாக இல்லை. அரியக்குடி வகுத்துத் தந்த வரிசையில் பதத்துக்கு இடம் பல்லவிக்குப் பிறகு, துக்கடாக்களின் நடுவே. அந்த வரிசை கச்சேரிக்கு எத்தனையோ நன்மை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தனி ஆவர்த்தனம் முடிந்து பாதி அரங்கம் காபிக்கு எழுந்து போன நேரத்தில், பத்து நிமிஷத்துக்கு மேல் நிதானமாக விரிய வேண்டிய ஒரு பதத்தை மூன்று நிமிஷத்தில் சுருக்கிப் பாடுவது க்ஷேத்ரய்யாவுக்கும் நியாயமில்லை, பாடுபவருக்கும் நியாயமில்லை.

ஆகவே இங்கே வந்திருக்கும் சபா நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். வரும் டிசம்பரில் ஒரு கச்சேரியிலாவது, பிரதான உருப்படிக்கு முன்னால், ஒரு பதத்தை முழுசாகப் பாடும்படி வித்வான்களிடம் கேளுங்கள். இசைக் கல்லூரி ஆசிரியர்களே, ஒரு பதத்துக்கு ஒரு பருவம் முழுவதும் கொடுங்கள். ஒன்று வந்தால் போதும். மாணவர்களே, பிருந்தா–முக்தா பதிவுகள் கிடைக்கின்றன. இன்று இரவு 'பையத' கேளுங்கள். கேட்டுவிட்டு, அதைப் பாடத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போங்கள்.